யாருடைய நிதானம்? – ஹோனரேவும் இல்லிச்சும்

கார்ல் ஹோனரே எழுதிய 'இன் பிரைஸ் ஆஃப் ஸ்லோ' (2004) புத்தகத்தின் தொடக்கம் எனக்குப் பிடிச்சிருந்தது. ரோம் விமான நிலையத்தில் நிற்கும்போது, ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற குழந்தைக் கதைகள் பற்றிப் படிக்கிறார். மகனைச் சீக்கிரம் தூங்க வச்சிடலாம்னு முதலில் சந்தோஷப்படுகிறார், அப்புறம்தான் திடுக்கிடுகிறார். 'ஸ்லோ ஃபுட்' இயக்கத்தினரின் விருந்துக்குப் போகும் வழியில் வேகமா ஓட்டி அபராதம் கட்டினதையும் மறைக்கவில்லை. ஆள் நேர்மையானவர்தான்.

சிக்கல் மருந்தில் இருக்கிறது. சாப்பாடு, ஊர், மருத்துவம், வேலை, பிள்ளை வளர்ப்பு என்று எதை எடுத்தாலும் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் தனி மனிதரின் தேர்வாகவே வருகிறது. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டு வரும் பையனுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அவன் அவசரம் நம்ம ஆர்டரில் இருக்கு.

இந்த இடத்தில்தான் இவான் இல்லிச்சின் 'எனர்ஜி அண்ட் ஈக்விட்டி' (1974) உதவுகிறது. சின்னப் புத்தகம். இல்லிச் மனசைப் பற்றிப் பேசாமல் கணக்குப் போடுகிறார். அமெரிக்கர் ஒருவர் கார் ஓட்டும் நேரத்தோடு, அந்தக் காருக்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டினால் வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல். போகிற தூரம் 7,500 மைல். ஆக வேகம் மணிக்கு 5 மைலுக்கும் கீழே!

கணக்குன்னா சும்மா இருக்க முடியாதே, எனக்கும் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் போக வர 36 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். கார் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் என் சம்பளத்தில் தினம் ஒன்றேகால் மணி நேர உழைப்பு. நிஜ வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் சொச்சம், சைக்கிள் மாதிரிதான். மணிக்கு என்னுடையதில் பத்தில் ஒரு பங்கு சம்பாதிக்கிறவர் இதே செலவைச் செய்தால் 2.5 கிலோமீட்டர்கூட வராது. அவர் நடந்தே போயிடலாம்.

வேகம் ஒரு அளவைத் தாண்டினால் சமத்துவம் போய்விடும் என்பது இல்லிச்சின் வாதம். அந்த எல்லையை மணிக்கு சுமார் 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் என்கிறார். இந்த எண்ணை நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலின்னா எனக்கு வேகமான ஆம்புலன்ஸ்தான் வேணும். ஆனால் கேள்வியை அவர் சரியான இடத்தில் வைக்கிறார். அகலப்படுத்தின சாலையில் நான் மிச்சம் பிடிக்கிற நிமிடங்களை, எதிர்ப்பக்கம் போக வழியில்லாமல் காய்கறிப் பையோடு நிற்கிற அம்மாதான் கட்டுகிறார். நிதானமா இருங்கன்னு அவரிடம் யார் போய்ச் சொல்றது?

ஹோனரேயைப் படிங்க, சுவாரசியமாகவே இருக்கும். முதலில் இல்லிச்சைப் படிச்சிட்டுப் போங்க.