இருமுறை ஆடிய விளையாட்டு: ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ குறித்து ஒரு திறனாய்வு

ஒரே நூலை இளமையில் ஒருமுறையும், அறிவு சிறிது முதிர்ந்தபின் மற்றொரு முறையும் கற்பவர் இருவேறு நூல்களைக் கற்றவராகவே தம்மை உணர்வர். அச்சிட்ட நூலுக்கு இவ்வியல்பு உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. வீடியோ விளையாட்டுக்கு அஃது உண்டோ என்னும் வினா இன்னும் நம் துறையில் எழுப்பப்பெறவில்லை. யான் எட்டாம் அகவையில், 2006ஆம் ஆண்டில், அத்தை மகன் இல்லத்தில் ஆடியதும், பதினாறாம் அகவையில் மீண்டும் தேடிப் பெற்று ஆடியதுமாகிய ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராயலாம்.

ஜப்பானிய நிறுவனமாகிய ஸ்குவேர், டெட்சுயா நோமுராவின் இயக்கத்தில், பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென 2002ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு இது. டிஸ்னியின் கார்ட்டூன் மாந்தரும், ஸ்குவேரின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் மாந்தரும் இதில் ஒருங்கே தோன்றுவர். தீவொன்றில் வாழும் சோரா, ரிக்கு, கைரி என்னும் மூவர் கட்டுமரம் ஒன்று கட்டிப் பிற உலகங்களைக் காண விழைகின்றனர். இருள் வந்து தீவை விழுங்க, மூவரும் பிரிகின்றனர். சோரா திறவுகோல் வடிவான வாள் ஒன்றைப் பெற்று, டொனால்டு வாத்தும் கூஃபியும் துணைவர, தன் நண்பரைத் தேடி உலகந்தோறும் அலைகின்றான்.

பல கதைகளின் மாந்தரை ஓரிடத்துக் கூட்டும் படைப்புகள் பெரும்பாலும் சந்தைக் கூட்டமாகவே முடியும். இவ்விளையாட்டு அவ்வாறு முடியாமைக்குக் காரணம் யாது? நம் அகத்திணை மரபு இதற்கு விடை தரக் காண்கிறேன். திணைகள் தம்முள் மயங்குதலை விலக்காத தொல்காப்பியர், நிலங்கள் ஒருங்கு மயங்குதலை மட்டும் உடன்படவில்லை. இவ்விளையாட்டின் ஆசிரியர் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். எனினும் அவ்விதியையே கைக்கொண்டிருக்கிறார். அலாவுதீனின் அக்ராபாவும், ஏரியலின் அட்லாண்டிகாவும், டார்சானின் காடும் வானவெளியில் தனித்தனியே நிற்கின்றன. ஓருலகத்தார் மற்றோர் உலகை அறிதல் ஆகாது. அவ்வொழுங்கைக் காத்தற்பொருட்டே, கடலுள் புகுங்கால் சோரா மீனுடல் பெறுகிறான். டொனால்டு எண்காலியாகவும் கூஃபி ஆமையாகவும் மாறுகின்றனர். வந்தவன் திறவுகோல் ஏந்தியவன் என்பதை உணரும் கடலரசன் டிரைட்டன், பிற உலகத்துச் செய்தியில் தலையிடுதல் தகாது என அவனைக் கடிந்துகொள்ளுகிறான். எட்டு வயதில் இவ்வுருமாற்றம் எனக்கு வெறும் வேடிக்கையாகவே இருந்தது. நீந்தத் தெரியாமல் சுவரில் முட்டியதே நினைவில் நிற்கிறது.

நிலம் மயங்கவில்லை, ஆனால் உரிப்பொருள் மாற்றப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஏரியலின் ஏக்கத்துக்கு நிலவுலக இளவரசன் எரிக் காரணமாவான். இவ்விளையாட்டில் எரிக் இல்லை. அவள் ஏங்குவது பிற உலகங்களைக் காண்பதற்கே. அஃதாவது, கட்டுமரம் கட்டிய ரிக்குவின் ஏக்கமே அவளிடம் ஏற்றப்பெற்றிருக்கிறது. திரைப்படத்தை நன்கறிந்தவர் இதனைச் சிதைவு என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. சோரா தன் நண்பனிடம் கேட்கத் தவறிய குரலை இங்கே ஒரு மீன்மகளின் வாயிலாகக் கேட்கிறான். ஆயின் இம்முறை எங்கும் வெற்றிபெறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அக்ராபாப் பகுதி 1992ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் சுருக்கமேயன்றி வேறன்று. அப்படத்தைப் பாராதவர்க்கு அதில் சுவை பிறவாது. உலகங்களுக்கிடையே கலஞ்செலுத்தும் பகுதியைப் பற்றி, அது நீளமானது என்பதற்குமேல் கூற ஒன்றுமில்லை.

விளையாட்டின் தொடக்கத்தில் மூன்று வினாக்கள் கேட்கப்படுகின்றன. எதனைப் பெரிதெனக் கருதுகிறாய், எதற்கு அஞ்சுகிறாய், வாழ்வில் எதனை வேண்டுகிறாய் என்பன அவை. தரும் விடைக்கேற்ப, ஆட்டத்தில் சோராவின் ஆற்றல் முற்பகுதியில் விரைந்து வளர்தலும், பிற்பகுதியில் விரைந்து வளர்தலும் அமையும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கவல்ல சிறுவனாகிய யான், கையில் பட்ட பொத்தானை அழுத்திவிட்டேன். பதினாறாம் அகவையில் இரண்டாம் வினாவின் முன் நின்றேன். முதுமை எய்துதல், பிறரினும் வேறுபட்டிருத்தல், முடிவுசெய்ய இயலாமை என அங்கே மூன்று அச்சங்கள் காட்டப்பெறுகின்றன. எதனையும் தேர்ந்தெடுக்காமல் நெடுநேரம் இருந்தமையால், மூன்றாவதே எனக்குரியது எனத் தெளிந்தேன்.

சோராவின் வயது பதினான்கு. ரிக்குவின் வயது பதினைந்து. சிறுவனாயிருந்தபோது இருவரும் எனக்கு அண்ணன்மார். சோராவின் பக்கம் நின்று, ரிக்குவைப் பகைவனாகவே கண்டேன். மறுமுறை ஆடியபோதோ இருவரும் எனக்கு இளையர். டிராவர்ஸ் நகரில் சோரா புதிய துணைவருடன் நிற்பதை மலெஃபிசென்ட் ரிக்குவுக்குக் காட்டி, உன்னை மறந்து வேறு நண்பரைக் கொண்டான் எனக் கூறும் காட்சியை அப்போதுதான் பொருளோடு கேட்டேன். சூனியக்காரி கூறியது முழுப்பொய் அன்று. ரிக்குவின் வீழ்ச்சிக்கு வித்து பேராசை என்று கொள்வாரும் உளர். யான் அதனைத் தனிமை என்பேன்.

ஹாலோ பாஸ்டியன் கோட்டையில் திறவுகோல் வாளை ரிக்கு தன்கைக்கு வரப்பெறுகிறான். வாளை ஏந்தியவனைப் பின்தொடர்க என்பது அரசர் ஆணையாதலின், டொனால்டும் கூஃபியும் சோராவை விட்டு அவன்பின் செல்கின்றனர். சோராவிடம் எஞ்சுவது ஒரு மரவாள். தீவில் விளையாட்டுக்காக ஏந்திய அதே வாள். அவ்வாளால் ஓர் அடி அடித்தால் பகைவர்க்கு ஊறு ஒன்றும் நிகழாது என்பதை ஆடுவோன் தன் கைகளாலேயே அறிகிறான். நூல் கற்பவர் பெறமுடியாத அறிவு இது. சிரிப்பூட்டுதற்கென்றே பிறந்த வாத்தும் நாயும் கடமைக்கும் நட்புக்குமிடையே நின்று தவறிழைப்பதை இங்கன்றி வேறெங்கும் யான் கண்டதில்லை.

அக்கோட்டையிலேயே, அன்செம் என்பான் குடிபுகுந்த ரிக்குவோடு போர் ஒன்று உண்டு. முதற்பதிப்பில் போருக்கு முன்வரும் நீண்ட உரையாடலைத் தாண்டிச் செல்ல வழியில்லை. தோற்குந்தோறும் அதனை முழுதும் கேட்டாக வேண்டும். இதனைக் குறையென்று பழித்தவர் பலர். 2013ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வெளிவந்த பதிப்பில் தாண்டிச் செல்லும் வசதி கிட்டியது. எட்டு வயதில் யான் அப்போரில் பன்முறை தோற்றேன். பொருள் விளங்காமலே அவ்வுரையாடலின் ஓசையும் ஏற்றவிறக்கமும் எனக்கு மனப்பாடமாயின. கைரியின் நெஞ்சம் சோராவினுள்ளேயே உறைகின்றது என்னும் செய்தி வெளிப்படுமிடம் அதுவே. புதிய பதிப்பில் அதனைக் கேட்டபோது, ஓசை முன்னே வர, பொருள் பின்னே வந்து சேர்ந்தது. பொருளறியாது பாட்டை நெட்டுருச் செய்த மாணவர் இதனை அறிவர். அங்கு இரண்டாம் முறை தோற்றபின் தாண்டும் பொத்தானை அழுத்தினேன் என்பதையும் மறைத்தற்கில்லை.

இறுதியில் சோரா வீடு திரும்புவதில்லை. தீவு மீண்டும் தோன்றுகிறது. கைரி அதன் கரையில் நிற்க, மணல் இருவரையும் பிரித்துச் செல்கிறது. ரிக்கு மூடிய கதவின் மறுபுறத்தே மிக்கியோடு நின்றுவிடுகிறான். கதவை மூடிய சோரா, மற்ற இருவரோடு முடிவில்லாத வழியொன்றில் நடக்கிறான். இதனை முதன்முறை கண்டபோது, எங்கோ யான் தவறிழைத்தமையால்தான் மூவரும் கூடவில்லை என்று எண்ணினேன். முடிவுக்குப் பின் சேமித்தற்கு இடமில்லாமையால் ஆட்டம் இறுதிப் போருக்கு முன்னிருந்த நிலைக்கே திரும்பும். ஆதலின் மறுநாளும், அதற்கு மறுநாளும் அவ்விறுதிப் போரையே ஆடி, வேறு முடிவு வருமென்று காத்திருந்தேன்.