பயனிலை இல்லாத வாக்கியம்

நெட்ஃபிளிக்ஸ் 2022 ஜனவரியில் வெளியிட்ட, பன்னிரண்டு பகுதிகள் கொண்ட கொரியத் தொடர் ஒன்றை நம் வீட்டு இளைஞர் பலரும் பார்த்திருக்கின்றனர். ‘ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். ஜூ டோங்குன் என்பவர் வரைந்து, 2009 முதல் 2011 வரை நேவர் இணையத்தளத்தில் தொடராக வந்த சித்திரக்கதையே அதன் மூலம். ஹியோசான் என்னும் கற்பனை நகரின் பள்ளியொன்றில் ஒரு நச்சுக்கிருமி பரவுகிறது; கடியுண்டோர் அறிவிழந்து, எதிர்ப்பட்டோரைக் கடிக்கும் நடைப்பிணங்களாகின்றனர். இளைஞர் மொழியில் இவை ஜாம்பிகள். இத்தகைய கதைக்கு இப்பக்கங்களில் என்ன வேலை என்று பெரியோர் கேட்கலாம். தொடரின் முடிவு முடிவாகவே இல்லை என்று குறைகூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அம்முடிவு நம் சட்ட நூல்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் ஒரு வினாவைத் தொடுகிறது. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கொரிய மூலப் பெயரைத் தமிழாக்கினால் ‘இப்பொழுது எங்கள் பள்ளிக்கூடமானது...’ என்று வரும். அவ்வளவுதான். எழுவாய் இருக்கிறது, பயனிலை இல்லை. அரபு இலக்கணம் ஓதியவர்கள், முப்ததா வந்து கபர் வராது நின்ற வாக்கியம் என்பார்கள். ஆங்கிலப் பெயர் சூட்டியவர்களோ அவசரப்பட்டுப் பயனிலையைத் தாங்களே எழுதிவிட்டனர்: நாங்கள் அனைவரும் இறந்தோம் என்று. அது பொய். அனைவரும் இறக்கவில்லை என்பதில்தான் கதையின் முடிவே நிற்கிறது.

மாணவர் சிலர் பள்ளியின் மொட்டைமாடியில் தீ மூட்டி உதவிக்குக் காத்திருக்கின்றனர். ஹெலிகாப்டர் வருகிறது, வந்தது திரும்பியும் விடுகிறது. கடியுண்டும் அறிவு மாறாதோர் சிலர் இருப்பது படைத்தலைவருக்குத் தெரிந்துவிட்டது. யார் உடலில் கிருமி ஒளிந்திருக்கிறதோ என்ற ஐயத்தில் அனைவரையுமே கைவிடுகிறார். பின்னர் ஒலிபெருக்கி கட்டிய டிரோன்களால் ஜாம்பிகளை ஓரிடத்துக்கு ஈர்த்து, நகரின்மீது குண்டு பொழிய ஆணையிடுகிறார். முடிந்ததும் தம்மைத்தாமே சுட்டுக்கொள்கிறார்.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் இத்தகைய நிலையை ஆராய்ந்துள்ளார்கள். பகைவர் முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக முன்னிறுத்திப் படையெடுத்து வந்தால் அம்பு எய்யலாமா? அக்கைதிகள் குற்றமற்றவர்கள். எய்யாவிடில் நாடே அழியும், கைதிகளும் பிழையார். இமாமவர்கள் மூன்று நிபந்தனைகள் கூறுகிறார்கள்: வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தமாக இருக்கவேண்டும்; விளைவு ஐயத்துக்கு இடமின்றி உறுதியாக இருக்கவேண்டும்; சமுதாயம் முழுமையின் உயிர் அதில் அடங்கியிருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை. மூழ்கும் கப்பலில் இருப்போர் தம்முள் ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர் என்றாலும் எறிதல் ஆகாது என்பதே அவர்கள் முடிபு. கப்பலில் உள்ளோர் ஒரு சிலரே. அவர்கள் சமுதாயம் முழுமை ஆகார்.

இந்தத் தராசில் ஹியோசான் படைத்தலைவரை நிறுத்துவோம். நோய் நாடெங்கும் பரவும் என்ற அச்சம் பொய்யன்று; மூன்றாம் நிபந்தனைக்கு அவர் வாதாட இடமுண்டு. ஆனால் நகரம் ஏற்கெனவே படையால் வளைக்கப்பட்டிருந்தது. எனவே முதல் நிபந்தனை தள்ளாடுகிறது. இரண்டாவது அடியோடு விழுகிறது. உயிருள்ளோர் நகருக்குள் இருந்தார்கள்; குண்டு விழும்போது அந்த மாணவர்கள் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐயத்தினால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஒரு பிள்ளை மனிதப் பிறவி என்பது உறுதி. அதன் உடலில் கிருமி இருக்கலாம் என்பது ஐயம். தலைவர் இரண்டையும் இடம்மாற்றி வைத்தார்.

சில மாதங்கள் கழித்து, முகாமில் அடைபட்டிருக்கும் ஓன்ஜோ என்னும் மாணவி, அழிந்த பள்ளியின் உச்சியில் தீ எரியக் காண்கிறாள். தோழர்கள் மறைந்து செல்கின்றனர். அங்கே நம்ரா நிற்கிறாள். அவர்களுடைய வகுப்புத் தலைவி அவள். கடியுண்டும் அறிவு மாறாதவள். தன் பசி தோழரைத் தின்றுவிடுமோ என்று அஞ்சித் தானே விலகிப்போனவள். தன்னைப் போல் வேறு சிலரும் உண்டு என்று கூறி, மாடியிலிருந்து குதித்து மறைகிறாள்.

இதை முடிவில்லாமை என்பது எப்படிப் பொருந்தும்? படைத்தலைவரின் ‘உறுதி’ பொய்த்தது என்பதற்கு அந்தத் தீயே சாட்சி. நம்ராவின் நிலையும் எண்ணத்தக்கது. அறிவுடையவரே கடமைக்கு உரியவர் என்கிறது ஷரீஅத். அவளுக்கு அறிவு இருக்கிறது, நாணம் இருக்கிறது, தன் நஃப்ஸோடு போராட்டமும் இருக்கிறது. நமக்கு நோன்பு ஒரு மாதம். அவளுக்கோ ஒவ்வொரு நாளும். அவளை முக்கல்லஃப் அல்லள் என்று கூற நம்மால் இயலவில்லை.

கிருமியின் பெயர் யோனாஸ். யூனுஸ் நபியின் (அலை) பெயர்தான் ஐரோப்பிய மொழிகளில் அப்படி வழங்குகிறது. கதையாசிரியர் எண்ணி வைத்தாரோ, வாய்க்கு வந்ததை வைத்தாரோ, நாம் அறியோம். ஆனால் வேதனை நெருங்கிய வேளையில் ஈமான் கொண்டு தப்பித்த ஒரே ஊராகத் திருக்குர்ஆன் சுட்டுவது யூனுஸ் நபியின் மக்களையே. இலட்சத்துக்கும் மேற்பட்ட அம்மக்களுக்குக் கிடைத்த அவகாசம் ஹியோசானுக்குக் கிடைக்கவில்லை.

கொரிய மக்கள் இதைப் பார்க்கையில் வேறொரு கப்பல் நினைவுக்கு வந்திருக்கும். 2014 ஏப்ரல் 16 அன்று ‘செவோல்’ என்னும் பயணக் கப்பல் கவிழ்ந்து 304 பேர் மாண்டனர். அவர்களில் 250 பேர் டான்வோன் மேல்நிலைப் பள்ளியின் மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. சொல்கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். கப்பல் தலைவர் முதலில் தப்பினார். சித்திரக்கதை இதற்கு முன்பே முடிந்துவிட்டது. தொடரோ இதற்குப் பின் எடுக்கப்பட்டது. தொடரில் மாணவர்கள் வீடியோ கேமரா முன் அமர்ந்து பெற்றோருக்கு இறுதிச் செய்தி பதிவுசெய்யும் காட்சியை, இதை அறிந்தபின் வெறும் கதையாகப் பார்க்க முடியவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அக்காட்சியை இருமுறை பார்க்கமாட்டார்கள்.

குறைகளும் உண்டு. மாணவி ஒருத்தியை மானபங்கப்படுத்திப் படம்பிடிக்கும் காட்சியைக் குறிப்பால் உணர்த்தியிருக்கலாம். அத்தனை நேரம் காட்டியது கொடுமையைக் கண்டிப்பதாகாது. கொரியாவிலேயே இது வயது வந்தோர்க்கு உரியதாகச் சான்றிடப்பட்டது. சிறுவர் இருக்கும் கூடத்தில் இதற்கு இடமில்லை. அதனினும் பெரிய குறை, படைத்தலைவரின் தற்கொலையைத் தொடர் ஒரு பிராயச்சித்தம் போல் காட்டுவது. தன்னைக் கொன்றுகொள்வது கப்பாரா ஆகாது. உயிரோடிருந்து அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அவர் பதில் சொல்லியிருக்கவேண்டும். கதை அவரை அந்தக் கேள்வியிலிருந்து தப்பவிட்டுவிட்டது.

இரண்டாம் பருவம் வரும் என்று 2022லேயே அறிவித்துவிட்டார்கள். நம்ராவை ஒரு படைக்கருவியாகவோ, அனைவருக்குமான மருந்தாகவோ ஆக்கி, கொரியப் பெயரில் வெற்றிடமாய் நிற்கும் பயனிலையை அவசரத்தில் நிரப்பிவிடுவார்களோ என்பதே நமது கவலை.