முதல் சம்பளம் எந்த வயதில்?

அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று வருடம் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கக் கட்டும் பணம் ஒரு நடுத்தர ஸ்மார்ட்ஃபோன் விலைக்குள் அடங்கிவிடும். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு. பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டம், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். கூட்டிக் கழித்தால் கட்டணத்தைவிட வரவே அதிகம். ஆனாலும் இதை மலிவான படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரியல் பட்டம் தன் விலையை வயதாக வாங்கிக்கொள்கிறது.

நீட்டில் ஒரு முறை தவறி, இன்னொரு வருடம் கோச்சிங் போய், அதுவும் வாய்க்காமல் விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ வந்து சேர்கிறவர்கள் பலர். பட்டம் கையில் வரும்போது 21, 22 வயதாகிவிடும். அந்தப் பட்டத்தோடு நேரே போய் உட்கார உயிரியல் வேலை என்று அநேகமாக ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஆக வேண்டுமானால் பி.எட்.; ஒரு வருடமாக இருந்த அந்தப் படிப்பு 2015 முதல் இரண்டு வருடம். பிறகு, 2012-இல் தமிழகத்துக்கு வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் வென்றவர்களும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை. “டி.ஆர்.பி.க்குப் படிச்சிட்டிருக்கேன்” என்று சொல்லும் 28 வயதுக்காரர்களை எந்த மாவட்ட மைய நூலகத்திலும் பார்க்கலாம். அதே தெருவில் பிளஸ் டூ முடித்ததும் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயம் படித்த பெண், 20 வயதில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சம்பளம் வாங்குகிறாள். அரசு மருத்துவமனை ஆய்வக நுட்புநர் வேலைக்கு அவள் விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த அவளுடைய அக்கா விண்ணப்பிக்க முடியாது.

பட்டத்தின் பெயரிலும் பணம் இருக்கிறது. சேரும்போது இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இந்திய வனப் பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் உண்டு. நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நேர்மாறு: நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் செல்லும், விலங்கியல் செல்லாது. பயோடெக் என்ற பெயரின் கவர்ச்சிக்காகத் தனியார் கல்லூரியில் பெரும் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, பிறகு ஆசிரியர் வேலைக்கு அது தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையா என்று அரசாணைகளைத் தேடி அலையும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பெயரா புதிய பெயரா என்பதைப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் படிப்பின் மிக உறுதியான பக்கம் ஆராய்ச்சி. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய்; 2023 தொடக்கத்திலிருந்து இந்த விகிதம். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை, கடன் வாங்காமல் முனைவர் பட்டம் வரை போக முடிகிற வழி இது. இதன் அருமையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் உதவித்தொகை முடியும்போது வயது முப்பதைத் தொடும். அதன் பிறகு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போனால் கிடைப்பது 25,000. வாங்கிக்கொண்டிருந்த உதவித்தொகையைவிடக் குறைவு! யு.ஜி.சி. 2019-இல் விரிவுரைக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று வழிகாட்டியும் இதுதான் நிலை. இது அநியாயம் என்று சொல்லாமல் இந்தப் பட்டத்தின் பண மதிப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையின் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் ‘இ11.9’ என்று குறியீடு போடும் வேலை. உடற்கூறியல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்திய வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குத் தேவைப்படும் உயிரியல் சில மாதப் பயிற்சியில் கிடைத்துவிடுகிறது. மூன்று வருடப் படிப்பில் மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடக்காத இடமும் உண்டு. மரக்காணம் பக்கம் ஓர் இறால் ஹேச்சரிக்குப் போயிருந்தேன். அங்கே டெக்னீஷியனாக இருக்கும் விலங்கியல் பட்டதாரித் தம்பி, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி பீக்கரில் மொண்டு ஒரு பக்கம் டார்ச் அடித்தார். தூசி மாதிரி இருந்த நாப்ளிகள், அதாவது பொரித்த இறால் குஞ்சுகள், வெளிச்சத்தை நோக்கித் திரண்டன. சில அடியிலேயே தங்கிவிட்டன. “மேல வர்றதுதான் சார் தேறும்” என்றார். 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்த பிறகு இந்தக் கடற்கரையில் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தேவை கூடியது. வெள்ளைப்புள்ளி நோய் இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கும்தான்.

இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கல்லூரியில் இல்லை என்றார். ஃபார்மலின் புட்டிகளைப் பார்த்துப் படம் வரைந்ததுதான் அவர் செய்த பிராக்டிகல். விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை யு.ஜி.சி. 2014-இல் நிறுத்தியது, சரியான முடிவு. ஆனால் காலியான அந்த மணிநேரங்களில் பல கல்லூரிகளுக்கு ஒரு பி.சி.ஆர். இயந்திரம்கூட வந்து சேரவில்லை. வேலைக்கு வந்த பிறகு குறைந்த சம்பளத்தில் ஒன்றரை வருடம் இருந்துதான் அவர் கை பழகியிருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தையும் படிப்புச் செலவில்தான் நான் சேர்ப்பேன்.

அவருடைய தங்கை அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“விலங்கியலே எடுக்கச் சொன்னேன் சார். ஆனா மொத வருஷ லீவுலயே இங்க வந்து தொட்டி கழுவணும்னு சொல்லிட்டேன்.”