காயமும் கணக்கும்: இரும்புக்கை மாயாவியும் மரியப்பனும்

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவன் இரும்புக்கை மாயாவி. 1962இல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேலுக்குச் சிவகாசியில் வைத்த பெயர். ஆய்வுக்கூட விபத்தில் கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகிறது. வாலாஜாபாத் மாதிரி ஊர்களில் கைமாற்றிக் கைமாற்றி அவனைப் படித்த ஒரு தலைமுறை உண்டு. கேட்டால் உளவாளி என்பார்கள், நல்லவன் என்பார்கள். ஆரம்பத்தில் அவன் திருடன் என்பது பலருக்கு ஞாபகமில்லை. கிடைத்த சக்தியை நாசத்துக்குப் பயன்படுத்திவிட்டுப் பிறகுதான் அரசின் பக்கம் வருகிறான். ஆக, காயம், குற்றம், பரிகாரம் மூன்றும் ஒரே உடலுக்குள் கணக்கு தீர்ந்துவிடுகின்றன. சூப்பர் ஹீரோ பிரதிகளின் வசதியே இதுதான். வெளியே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மரியப்பன் தங்கவேலுவையும் இந்த அச்சில் வைத்துத்தான் நாம் வாசித்தோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நம் ஊடகச் சொல்லாடல் 'தன்னம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டது. மாயாவியில் இரும்புக்கை மட்டும் தெரியும், ஆள் தெரியமாட்டான். மரியப்பன் விஷயத்தில் அடிபட்ட கால் மட்டும் தெரிந்தது, தாண்டுகிறவன் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியது என்ன? 2013இல் பெங்களூரு தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டது, 2015இல் அங்கேயே போய்ப் பயிற்சி எடுத்தது. 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78, அதே செப்டம்பரில் 1.89. ஆறே மாதத்தில் பதினோரு சென்டிமீட்டர்! எத்தனை ஓட்டம், எத்தனை விழுதல். அதிசயம் என்று சொல்லிவிட்டால் இந்த உழைப்பை விசாரிக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

குற்றம் எங்கே போனது என்பது இன்னும் சிக்கலான கேள்வி. மாயாவி தன் குற்றத்தைத் தானே சுமக்கிறான். இங்கே குற்றம் பேருந்தினுடையது. ஆனால் கதையாடலில் பேருந்து ஒரு வரியில் வந்து மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது, காய்கறி விற்ற தாய் வைத்தியத்துக்கு வாங்கிய மூன்று லட்சம் கடன். 'கடன்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் கடமை என்றும் பொருள் உண்டே, அது இங்கே ரொம்ப சௌகரியமாக வேலை செய்கிறது. இடித்தது யாரோ, கடன்பட்டது தாய், அடைக்க வேண்டியவன் மகன்! தமிழக அரசு அறிவித்தது 2 கோடி ரூபாய். கொடுக்க வேண்டியதுதான், யார் வேண்டாமென்றது? ஆனால் அது பரிசு, இழப்பீடு அல்ல. பரிசுக்குப் பதக்கம் வேண்டும்; இழப்பீட்டுக்கு அடிபட்டிருந்தாலே போதும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தே இடுப்பும் முழங்காலும் போன நெசவாளியை இந்தக் கதையாடல் எந்த இடத்தில் வைக்கும்? அவர் எதையும் தாண்டிக் காட்டவில்லையே.

ரியோவுக்குப் பிந்தைய மரியப்பன்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் மழை. காலுறை நனைந்து ஊறியதால் சிரமப்பட்டதாக அவரே சொன்னார். 1.86, வெள்ளி. மாயாவியின் உலகத்தில் ஈரக் காலுறைக்கு இடமில்லை. விளையாட்டில் உண்டு. 2024 பாரிஸில் எஸ்ரா ஃப்ரெக் 1.94 தாண்டி முதலிடம், சரத் குமார் 1.88. மரியப்பன் 1.85, வெண்கலம். அப்போது அவருக்கு வயது 29.