வளையங்களும் கொடுந்தமிழும்

உலக ஆங்கிலத்தை மூன்று வளையங்களாக வரைந்து காட்டினார் பிரஜ் கச்ரு, 1985இல். உள்வளையத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. அதைச் சுற்றி, காலனியாட்சி வழியாக ஆங்கிலம் நிலைபெற்ற இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர். அதற்கும் வெளியே, அந்நிய மொழியாக அதைக் கற்கும் சீனா, ஜப்பான். காஷ்மீரில் பிறந்த இந்த மொழியியலாளரின் நோக்கம் நல்லதுதான். இந்திய ஆங்கிலம் பிழைகளின் மூட்டையல்ல, தனக்கென ஒழுங்குகொண்ட வகை என்று நிறுவப் பார்த்தார். 1990இல் ராண்டால்ஃப் குவெர்க் இதை மறுத்தார். சுதேசி ஆங்கிலத்தின் தொடர்பு அறுந்தால் தரம் போய்விடும் என்றார். மறுவருடமே கச்ரு பதில் எழுதினார். ஆங்கிலத் துறைகளில் இந்தச் சண்டை பிரசித்தம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தப் படம் புதுசில்லை. வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு: இதுதான் செந்தமிழ் நிலம் என்று கோடு கிழித்தார்கள் தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியர்கள். சுற்றிலும் கொடுந்தமிழ் நிலம் பன்னிரண்டு. கருவூருக்கு மேற்கே கிடக்கிற கம்பம் பள்ளத்தாக்கு கோட்டுக்கு வெளியே. வையை பிறப்பதே எங்கள் வருசநாட்டு மலையில். ஆற்றைக் கொடுத்தவனுக்கு அந்த ஆற்றை வைத்தே எல்லை போட்டாச்சு! ஆனாலும் தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் வைத்திருந்தார். குவெர்க்கிடம் அந்தத் தாராளம்கூட இல்லை.

ஆங்கிலம் எங்களுக்கு அந்நியம் என்று சொல்லிவிடவும் முடியாது. இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரே 1886இல் ஆங்கிலத்தில் எழுதின 999 வருசக் குத்தகைப் பத்திரத்தின் வழியாகத்தான் வருகிறது. சின்னமனூருக்கு மேலே மலையில் ஒரு பேரூராட்சியின் பெயர் ஹைவேவிஸ். 'ஹை வேவி மவுண்டன்ஸ்' என்பது ஆங்கிலேயர் வழக்கு. மலை உதிர்ந்து, பெயரடையே பெயராகி, பன்மை விகுதியும் ஒட்டிக்கொண்டது. இதைச் சுதேசி ஆங்கிலம் என்பதா, மற்றது என்பதா? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களிடம் கேளுங்கள், 'போல்டு' என்றால் பருத்த காய். ஏற்றுமதித் தரப்பட்டியலிலேயே 'ஆலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' உண்டு. இலக்கிய வகுப்பில் மட்டும் அது துணிச்சல்.

கச்ருவிடம் என் சண்டை இங்கேதான். அவர் வளையத்தின் அலகு தேசம். தேசத்துக்குள்ளே இருக்கிற ஆங்கிலங்களுக்கு அவர் ஓர் ஏணி வைத்தார்: மேல்படியில் படித்தவர்களின் இந்திய ஆங்கிலம், கீழ்ப்படியில் மதராஸ் சமையற்கட்டுகளின் பட்லர் இங்கிலீஷ். லண்டனுக்கு எதிராக மறுத்த மேல்-கீழை வீட்டுக்குள்ளே அப்படியே வைத்துக்கொண்டார். போடிப் பெண்களின் 'போல்டு' அந்தக் கீழ்ப்படியிலும் ஏறாது. அது தமிழில் கலந்த கடன்சொல்லாம்; அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதாம். இதே சொல்லை ஏற்றுமதியாளர் கடிதத்தில் எழுதினால் அது இந்திய ஆங்கிலம். சொல் ஒன்றுதான், சொல்கிற ஆள்தான் வேறு. சாதியும் வர்க்கமும் பள்ளிக்கூடக் கட்டணமும் இந்த வரைபடத்தில் விழவேயில்லை.

தேனியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்கு நேர்காணலுக்குப் போகிற பிள்ளை, 'பேங்க்' என்பதை 'பேங்கு' என்று முடிக்கிறான். கேட்டுச் சிரித்துத் திருப்பி அனுப்புகிறவர் குவெர்க்கின் ஊர்க்காரர் அல்ல. கான்வெண்டில் படித்த நம்மாளுதான். கச்ருவின் படத்தில் ரெண்டு பேரும் ஒரே வளையத்தில் நிற்கிறார்கள்.