நீர் பட்ட மேனியும் படாத மேனியும்

ஒரு மூர்த்தியின் அங்கலக்ஷணத்தை முழுமையாகக் காண விரும்பும் ரசிகர், பட்டும் பூவும் ஆபரணமும் சாத்தி அலங்காரம் நிறைவுற்ற வேளையில் போவதைக் காட்டிலும், அவை யாவும் களையப்பெற்று ஒற்றை வஸ்திரத்தோடு தெய்வம் நீராடும் வேளையில் போய் நிற்பதே உத்தமம். பட்டு நெசவுக்கென்றே புகழ் படைத்த காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டில்லாத வேளையைக் கொண்டாடுவது விபரீதமாகத் தோன்றலாம். ஆயினும் சிற்பியின் உளி எந்தத் தோளை எவ்வளவு வளைத்தது, எந்த இடையில் எங்கே நிதானித்தது என்பதை நீரைப்போல் எடுத்துக்காட்டவல்லது வேறில்லை.

முதலில் எண்ணெய்க்காப்பு. அர்ச்சகரின் உள்ளங்கை நெற்றியிலிருந்து இறங்கி, விரல்களின் இடுக்குவரை தைலத்தைக் கொண்டுசேர்க்கும். மாப்பொடியும் நெல்லிமுள்ளிப் பொடியும் அந்தப் பசையை வாங்கிக்கொண்டபின், பால் தங்காமல் ஓடுகிறது. தயிரோ தயங்கித் தயங்கி இறங்கி, மூக்கின் கூர்மையையும் உதட்டின் ஓரத்தையும் ஒரு கணம் வெண்மையால் எழுதிக் காட்டிவிட்டுப் போகிறது. இளநீர் படும்போது கருங்கல் உள்ளிருந்தே ஒளிவிடுவதுபோல் தெளிகிறது. ஒவ்வொரு திரவியத்துக்கும் நடுவே சுத்த ஜலம். முடிவில் மஞ்சளும் சந்தனமும். அதன்மேல், ஆயிரம் துளையிட்ட ஸஹஸ்ரதாரைத் தட்டின் வழியே மழையாய்ப் பொழியும் தீர்த்தம். புருஷஸூக்தம் முழங்கும் பெருமாள் சந்நிதியிலேயே, கண்ணனை நீராட வாவென்று யசோதை கெஞ்சி அழைக்கும் பாவத்தில் பெரியாழ்வார் பாடிய நீராட்டப் பதிகமும் சேவிக்கப்படுகிறது. சக்கரவர்த்திக்குரிய ராஜோபசாரமும், குழந்தைக்குத் தலை குளிப்பாட்டும் தாயின் பரிவும் ஒரே குடத்து நீரில் கலந்துவிடுகிற இந்த இடந்தான் திருமஞ்சனத்தின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

வரதராஜர் சந்நிதியில் இதற்கு விசேஷமான அர்த்தம் உண்டு. பிரமன் இயற்றிய யாகத்தின் அக்கினியிலிருந்து தோன்றியவர் என்று புராணம் கூறுகிற உற்சவரின் திருமுகத்தில் அந்தத் தீயின் வடுக்கள் இன்றும் தெரிகின்றன. அந்த முகத்தில் நீர் விழக் காணும்போது, குளிர்விக்க வேண்டும் என்ற பக்தனின் ஆசைக்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. விந்தியக் காட்டில் வேடுவத் தம்பதியாய் வந்து தம்மைக் காத்து அழைத்துவந்தவர் இப்பெருமானே என்றுணர்ந்த ராமாநுஜர், திருக்கச்சிநம்பிகளின் வாக்கின்படி சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்துவந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பின்னாளில் ஒரு பெரும் ஸித்தாந்தத்தையே நிலைநிறுத்தப் போகிறவர் முதலில் ஏற்ற கைங்கரியம் தண்ணீர்க் குடம் தூக்குவது!

இனி, இந்நகரம் ஏனைய தலங்களினின்று வேறுபடும் விஷயத்துக்கு வருகிறேன். கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துப் பதினாறு பட்டை லிங்கத்தின்மேல் நீர் வார்த்தால், பட்டைதோறும் பிரிந்து இறங்கி ஆவுடையாரில் மீண்டும் ஒன்றுகூடும். நீரை ஏற்பதற்கென்றே இழைத்த கல் அது. ஏகாம்பரநாதரோ ப்ருதிவி லிங்கம், மணலால் ஆனவர். கம்பையாறு பெருகிவந்தபோது, தான் பூஜித்த மணல் லிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சிய அம்பிகை அதனைத் தழுவிக்கொண்டதையும், அவ்வணைப்பில் இறைவன் குழைந்து வளைத்தழும்பு ஏற்றதையும் சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் விரித்துரைக்கிறார். அந்தத் திருமேனியில் இன்றளவும் ஒரு துளி நீர் படுவதில்லை. அபிஷேகம் ஆவுடையாருக்கே, லிங்கத்துக்குப் புனுகு சாத்துவதோடு சரி. அம்பிகை அன்று நீரைத் தடுத்து நின்ற செயலையே அர்ச்சகர் ஒவ்வொரு காலப் பூஜையிலும் தம் கை அடக்கத்தால் திரும்பச் செய்கிறார். நீராட்டுவது அன்பானால் நீர் படாமல் காப்பதும் அவ்வன்பே என்பதை இத்தனை நுட்பமாக அனுஷ்டித்துக் காட்டும் சந்நிதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுதையால் ஆன ஸ்ரீரங்கத்து மூலவருக்கும் தைலக்காப்புத்தான். எனினும் கச்சியில் உள்ள புராணச் சுவை அங்கில்லை.

அத்திவரதர் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டவர். அத்திமரத்தால் ஆன அம்மேனி அனந்தஸரஸ் திருக்குளத்தில், நீராழி மண்டபத்தின் அடியில் நாற்பது வருஷம் நீருக்குள்ளேயே சயனித்து, பின் 48 நாள் மட்டும் வெளிவந்து தரிசனம் தருகிறது. 1979-இலும், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையிலும் எழுந்தருளினார். காற்று நெருங்காத ஆழத்தில் முழுக மூழ்கிய மரம் உளுத்துப்போவதில்லை. நனைவதும் உலர்வதுமாய் இருந்தால்தான் கெடும். ஆகவே குடம் குடமாய் நீராட்டினால் தாங்காத மேனிக்குக் குளத்தையே இடையறாத நீராட்டாக அமைத்த பெரியோரின் யுக்தியை எவ்வளவு வியந்தாலும் தகும்.

அபிஷேகத்துக்குப் பொருள் கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாலின் அளவைக் கூட்டுவதில் பெருமை கொள்ளாதீர்கள்; எழுந்தருளியிருக்கும் மூர்த்தி கல்லா, மண்ணா, மரமா, சுதையா என்று அர்ச்சகரிடம் முதலில் கேட்டறியுங்கள்; அவர் ‘போதும்’ என்று சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.