தலையணையில் தட்டிய தந்தி

டால்டன் டிரம்போவின் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவலுக்கு நான் புத்தகம் வழியாக வரவில்லை, மெட்டாலிக்கா வழியாக வந்தேன். பல்கலைக்கழக விடுதியில் பக்கத்து அறை நண்பன் ‘ஒன்’ பாட்டின் வீடியோவைப் போட்டுக் காட்டினான். பாட்டுக்கு நடுநடுவே கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய படத்தின் காட்சிகள் வரும். மருத்துவமனைக் கட்டிலில் ஒருவன் கிடக்கிறான். முகத்தை மூடியிருக்கிறார்கள். தலை மட்டும் ஆடுகிறது. “சாகடிச்சிடுங்கன்னு கேக்குறான்டா, அதுக்கும் விடமாட்டேங்கிறாங்க” என்று நண்பன் கதையை ஒரே வரியில் முடித்தான். பல வருடமாக அதுதான் கதை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நாவலைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஜோ பொன்ஹாம் கேட்பது வேறு.

ஜோ அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பையன். லாஸ் ஏஞ்சல்ஸில் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. முதல் உலகப் போருக்குப் போகிறான். போர் முடியப்போகும் 1918இல் ஒரு குண்டு அவன் பக்கத்தில் வெடிக்கிறது. கைகள் இல்லை, கால்கள் இல்லை. கண், காது, மூக்கு, வாய் எதுவுமே இல்லை. மூளை மட்டும் முழுசாக இருக்கிறது. நாவல் மொத்தமும் அந்த மூளைக்குள்தான் நடக்கிறது. டிரம்போ ஏறக்குறைய காற்புள்ளியே இல்லாமல் எழுதுகிறார். முதல் பத்துப் பக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது, கண்ணை மூடித் திறக்க முடியாத ஒருவனின் நினைப்புக்கு எங்கே இடைவெளி வரும்?

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கோரத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு மனசில் நின்றது அவன் நேரத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி. முதலில் வினாடிகளை எண்ணிப் பார்க்கிறான். தூங்கிவிட்டால் கணக்கு போச்சு. அடுத்து தாதி வந்துபோகும் அதிர்வைக் கட்டில் வழியாக உணர்ந்து, அந்த வருகைகளை எண்ணுகிறான். ஆனால் ஒரு நாள் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? கழுத்தில் மிச்சமிருக்கும் தோலில் ஏறும் லேசான சூட்டை வைத்து விடியலைப் பிடிக்கிறான். அவ்வளவுதான் அவனிடம் இருக்கும் சென்சார். அதை வைத்து ஒரு நாட்காட்டியே கட்டிவிடுகிறான். விடியலை முதன்முதலாகப் பிடித்த அன்று அவனுக்கு வரும் சந்தோஷத்தைப் படிக்கும்போது, பலமுறை டெஸ்டிங்கில் தோற்ற சர்க்கிட் திடீரென்று வேலை செய்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் வந்தது.

நேரம் கைக்கு வந்ததும் அவனுக்கு மனிதர்கள் வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் கற்ற மோர்ஸ் குறியீடு ஞாபகத்துக்கு வர, தலையைத் தூக்கித் தூக்கித் தலையணையில் தட்டுகிறான். நாள் கணக்காகத் தட்டுகிறான். தாதிக்கு அது வலிப்பு மாதிரி தெரிகிறது. மருத்துவர் ஊசி போட்டு அடக்குகிறார். அனுப்புகிறவன் பக்கம் தப்பே இல்லை, குறியீடும் சரி. வாங்க வேண்டியவர்கள் அதை இரைச்சல் என்று முடிவு செய்துவிட்டார்கள். போர் முடிந்து வருஷங்கள் ஆன பிறகும் முடியாத காயம் இதுதான் என்று நாவல் நமக்குக் காட்டுகிறது. குண்டு ஒருமுறைதான் வெடித்தது. இந்த ஊசியோ அவன் பேச வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது.

இடையில் அதிகாரிகள் வந்து அவன் நெஞ்சில் பதக்கம் குத்திவிட்டுப் போகிறார்கள். தமிழில் நமக்கு ‘விழுப்புண்’ என்று ஒரு சொல் உண்டு. பள்ளியில் புறநானூறு படித்தபோது மார்பில் பட்ட புண்ணின் பெருமையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஜோவுக்கு வாய்த்தது எந்தக் கணக்கிலும் விழுப்புண்தான். அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்ற கேள்வியை நாங்கள் வகுப்பில் கேட்டதே இல்லை.

நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் இதற்குப் பிறகு வருகின்றன. புதிதாக வரும் ஒரு தாதி அவன் வெறும் நெஞ்சில் விரலால் எதையோ வரைகிறாள். அவன் கவனிக்கிறான். அது எழுத்து! ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று படித்துவிடுகிறான். அவனுடைய தட்டலில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்பதையும் இவள்தான் கண்டுபிடிக்கிறாள். அவள் அழைத்துவரும் ஒருவர் ஜோவின் நெற்றியில் மோர்ஸில் தட்டி, என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

ஜோ கேட்பது சாவை அல்ல. வெளியே போக வேண்டும் என்கிறான். தோலில் காற்றுப் பட வேண்டும், சுற்றிலும் மனிதர்கள் இருக்க வேண்டும். தன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகட்டும். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள், அந்த வருமானத்தில் தன் செலவு கழிந்துவிடும், யாருக்கும் பாரமில்லை. ரொட்டித் தொழிற்சாலைத் தொழிலாளியின் புத்தி அப்படியே இருக்கிறது பாருங்கள். வேலை கேட்கிறான்! விதிகளில் அதற்கு இடமில்லை என்று பதில் வருகிறது. மறுபடியும் ஊசி.

1971இல் டிரம்போவே இயக்கிய படத்திலும் அவன் முதலில் இதைத்தான் கேட்கிறான். மறுத்த பிறகுதான் கொன்றுவிடச் சொல்கிறான். நாங்கள் விடுதியில் பிடித்துக்கொண்டது இரண்டாவது கோரிக்கையை மட்டும். பாட்டும் அதைத்தான் பாடுகிறது. உடல் சிதைந்த சிப்பாய்க்குக் கொடுக்க நம் கற்பனையில் பதக்கமும் கருணைச் சாவும்தான் இருக்கின்றன போல. உயிரோடு நம் நடுவில் வந்து உட்காருகிறேன் என்று அவன் சொன்னால் சங்கடமாகிவிடுகிறது.

நாவலில் எனக்குக் குறையாகப் படுவதும் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மறுப்பு வந்த பின் கடைசிப் பக்கங்களில் ஜோ போரை நடத்துகிறவர்களுக்கு எதிராக நீண்ட முழக்கம் செய்கிறான். அதன் கோபம் நியாயமானது, ஆனால் அங்கே பேசுவது டிரம்போ. நாட்களை எண்ணிக்கொண்டு, அப்பாவின் தூண்டிலைத் தொலைத்த பழைய குற்ற உணர்ச்சியில் புரண்டுகொண்டிருந்த பையனின் குரல் அங்கே காணாமல் போகிறது. மருத்துவர் ஊசியால் செய்ததை ஆசிரியர் மைக்கைப் பிடுங்கிச் செய்துவிடுகிறார் என்று சொன்னால் அது கொஞ்சம் ஓவராக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் பட்டது.

நாவல் வெளியானது 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே நாட்களில். பிறகு அமெரிக்காவும் அந்தப் போரில் இறங்கியது. பிரதிகள் தீர்ந்தபோது, போர் முடியும்வரை மறுபதிப்பு வேண்டாம் என்பதற்கு டிரம்போவே உடன்பட்டார். நாஜிகளுக்கு எதிரான போர் அவசியமானது என்று அவர் நினைத்தார், அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதிதாக ஆயிரக்கணக்கான ஜோக்கள் கட்டிலுக்கு வந்துசேர்ந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் பழைய ஜோவின் தட்டல் கடைகளில் கிடைக்கவில்லை.